பதில்: டாக்பேக் வசன எண்ணை மட்டும் வாசிக்கிறது, வசனத்தை விட்டுவிடுகிறது

வணக்கம் சகோதரி. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் வேதாகமச் செயலியைத் திறந்தால் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி) "ஒன், டூ" என்று எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு தமிழ் வரிகளைத் தாண்டிப் போகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் செயலியின் கோளாறு இல்லை. போனில் ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்து அதற்கு வெற்றிடம்தான், எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் (எழுத்தைப் பேச்சாக்குவது) என்று தேடி, அதிலுள்ள கூகுள் எஞ்சினில் தமிழ்க் குரலை இறக்கி, மொழியையும் தமிழ் என்று மாற்றுங்கள். வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், ஆலயத்தில் நெட் இல்லாவிட்டாலும் வாசிக்கும். பட்டன்களின் ஆங்கிலப் பெயர்கள் கொஞ்சம் விநோதமாகக் கேட்கும், பழகிவிடும்.

அப்புறம், சில செயலிகள் ஒரு அதிகாரத்தையே ஒரே கட்டியாகக் கொடுக்கும். சங்கீதம் 119-இல் 176 வசனம், நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து கேட்க யாருக்குப் பொறுமை? மூன்று விரலால் கீழே தள்ளித் தள்ளி "வரிகள்" அல்லது "பத்திகள்" வரும்வரை மாற்றுங்கள், பிறகு ஒரு விரலால் கீழே தள்ளினால் ஒவ்வொன்றாக நகரும். பேச்சை நிறுத்த இரண்டு விரலால் ஒரு தட்டு. மூன்று விரல் வேலை செய்யாவிட்டால் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று எழுதுங்கள், பழையதில் சைகைகள் வேறு.