மண்ணை விட்டு வரத்தானே படிக்க வைத்தோம் என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல், மக்காச்சோளமும் பருத்தியும். மகள் பி.எஸ்சி. விவசாயம் கடைசி வருடம், எம்.எஸ்சி.க்கு மண்ணியல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அது முடிந்ததும் ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கப்போகிறேன் என்கிறாள். "மண்ணை விட்டு வெளியே வரணும்னுதானே படிக்க வைத்தோம்" என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்துவிட்டது. வெயிலில் காய்ந்த அம்மா இதைக் கேட்பது நியாயம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி.க்கு அனுப்புங்கள். ஆப்பிரிக்கா பற்றி இப்போது சரி என்றும் சொல்ல வேண்டாம், கூடாது என்றும் சொல்ல வேண்டாம், அதை முடிவு செய்ய எம்.எஸ்சி. முடியும்வரை இரண்டு வருடம் இருக்கிறது.

அவள் ஏன் ஆப்பிரிக்கப் பேச்சை எடுக்கிறாள் என்று கேட்டீர்கள். உங்கள் வயலில் இருக்கும் கரிசலை மண்ணியலில் வெர்டிசால் என்பார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் வீங்கி ஒட்டிக்கொண்டு ஏர் இறங்காது, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தியோப்பியாவில் இதே மண் சுமார் 1.26 கோடி ஹெக்டேர் இருக்கிறது. அங்கே மேட்டுநிலங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதால், நல்ல மழை பெய்யும் மாதங்களைச் சும்மா விட்டுவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு மிச்சமுள்ள ஈரத்தில் விதைப்பது பல இடங்களில் வழக்கம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கரிசலில் அகலப்பாத்தி போட்டு இடையில் சால் விட்டுத் தண்ணீரை வடிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. அந்த யோசனை 1980-களில் எத்தியோப்பியாவுக்குப் போனது. அங்கே இனேவாரி என்ற பகுதியில் குடும்பத்தோடு வயலில் இறங்கிக் கையாலேயே மண்ணை வாரி அகலப்பாத்தி போடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆராய்ச்சிக் குழு வெளியிலிருந்து இயந்திரம் கொண்டுவரவில்லை, மரேஷா என்ற அவர்களுடைய மர ஏர் இரண்டை இணைத்து, மாடு இழுத்தே பாத்தி போடும் கருவி செய்தார்கள். சீக்கிரம் விதைக்க முடிந்தது.

ஆனாலும் அது எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை. கருவியின் பாரம் மாட்டுக்குக் கூடுதல், வாங்கக் கடன் வேண்டும், அதைவிடப் பெரிய சிக்கல், என் வயலில் வடித்த தண்ணீர் அடுத்தவர் வயலில் போய் நிற்கும். வாய்க்கால் வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். வெப்பமண்டல வேளாண் வளர்ச்சியில் மண் விஞ்ஞானியின் வேலை இதுதான் அம்மா. பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் பார்ப்பது அதில் ஒரு பங்கு, மீதி ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது. கரிசலில் கால் வைத்து வளர்ந்த பெண்ணுக்கு நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு கைமுதல் இருக்கிறது. அவள் மண்ணை விட்டு வெளியே வரவில்லை என்று வருந்துகிறீர்கள், எனக்கு அது அவளுடைய சொத்தாகத்தான் தெரிகிறது.

ரத்தன் லால் என்று ஒருவர். 1944-ல் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிரிவினையில் அகதியாக ஹரியானாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. லூதியானாவில் இளநிலை, டெல்லியில் முதுநிலை, அமெரிக்காவின் ஒஹையோவில் 1968-ல் முனைவர் பட்டம். 1970-ல் நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் ஐஐடிஏ என்ற ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார், பதினேழு வருடம் அங்கேயே. காட்டை வெட்டி உழுத நிலத்தில் வெப்பமண்டல மழை அடித்தால் மேல்மண் எப்படிக் கரைந்து ஓடுகிறது, பயிர்க்கழிவை மூடாக்காகப் போட்டு உழாமல் விதைத்தால் எவ்வளவு நிற்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார். 2020-ல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. உங்கள் மகளும் பரிசு வாங்குவாள் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பதினேழு வருடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இதில் பலன் மெதுவாகத்தான் வரும். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்னும் நடக்கிறது. அந்தப் பொறுமை அவளுக்கு உண்டா என்று பாருங்கள், மதிப்பெண்ணைவிட அது முக்கியம்.

சரி, பணம், வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன். சர்வதேச வேலைக்கு எம்.எஸ்சி. மட்டும் பெரும்பாலும் போதாது, பிஎச்.டி. வேண்டும், ஆக இன்னும் ஆறேழு வருடம். அதன்பிறகும் பல வேலைகள் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம்தான், திட்டத்துக்குப் பணம் தரும் நாடு கையை விரித்தால் வேலையும் போகும். 2025-ல் அமெரிக்க அரசு, வெளிநாடுகளுக்கு உதவிப் பணம் தந்துவந்த தன் யுஎஸ்எய்டு அமைப்பைக் கலைத்தபோது வேளாண் ஆராய்ச்சித் திட்டங்கள் பல பாதியில் நின்றன. வீட்டுக்கு அவள் சம்பளம் உடனே தேவை என்றால் இந்தப் பாதை கஷ்டம், அதை அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், மறைத்து வைத்துக் கடைசியில் குறை சொல்வதைவிட அது மேல்.

ஆனால் மண்ணியல் எடுப்பதால் உள்ளூர்க் கதவு எதுவும் அடைபடாது, நீங்கள் பயப்படுவது இங்கேதான் தவறுகிறது. பி.எஸ்சி. விவசாயப் பட்டத்தை வைத்தே டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வு எழுதலாம் (அதற்கு வயது வரம்பு உண்டு, பிஎச்.டி. முடிக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்). எம்.எஸ்சி. முடித்தால் நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி வேளாண் கல்லூரிப் பணிக்கு முயலலாம். மண் பரிசோதனை நிலையங்கள், உர நிறுவனங்கள், தேயிலை, ரப்பர் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்புக்காரர்கள் வேண்டும். படிக்கும்போதே வருடத்துக்கு ஒரு தேர்வாவது எழுதட்டும்.

மகளுக்கும் இரண்டு விஷயம், இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். எம்.எஸ்சி. ஆய்வுக்குத் தொட்டியில் செடி வைத்து முடிக்கிற தலைப்பை எடுக்காதே மகளே, விவசாயியின் வயலில் ஒரு பருவமாவது நின்று தரவு எடு. கரிசல் உனக்குத் தெரியும், அதனால் நீலகிரி மாதிரியான அமில மண்ணில் வேலை செய்யக் கேள். ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் பரந்து கிடப்பது அந்த வகைதான், அங்கே அலுமினியம் வேரைக் கருக்கும், போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸை) இரும்பு பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு இடாமல் பல பயிர்கள் சரியாக எழாது. புள்ளியியலை நன்றாகப் படி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகு, மேற்கு ஆப்பிரிக்கா எண்ணம் இருந்தால் பிரெஞ்சும் தொடங்கு.

அப்புறம் அம்மா, ஒரு காரியம் செய்யுங்கள். பருத்திக் கட்டை பிடுங்கியதும் உங்கள் வயலில் ஒரு மூலையில் இடுப்பளவு குழி வெட்டி, அவளை உள்ளே இறக்கி, அடுக்கு அடுக்காக என்ன தெரிகிறது, மேட்டுப்பக்கம் ஏன் விளைச்சல் குறைகிறது என்று உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துவிட்டு ஏறுகிறாளா, மண்ணை நனைத்து விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டு, வெயில் ஏறியதும் தெரியாமல் உள்ளேயே நிற்கிறாளா என்று கவனியுங்கள். முதுநிலை நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் பாடத்தொகுதியை நிரப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள், அந்தக் குழியில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம்.