யாருடைய முறையில் நிற்கிறது உங்கள் மனு?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் தோட்டம். அதற்குப் போகும் இட்டேரியின் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) குறுக்கே பக்கத்துக் காட்டுக்காரர் 2021-இல் கல்லுக்கால் நட்டு, ஆள் நடக்க மட்டும் சந்து விட்டிருக்கிறார். டிராக்டர் போக வழியில்லை; தேங்காயைத் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குக் கொண்டுவருகிறோம். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். மிச்ச வழியையும் அடைக்காமலிருக்க இடைக்காலத் தடை கேட்டு மனுவும் கொடுத்தோம். இன்றுவரை உத்தரவில்லை, வாய்தாதான். எங்கள் வக்கீல் போனை எடுப்பதேயில்லை. இன்னொருவரை வைக்க வசதியில்லை. நானே நீதிபதிக்குக் கடிதம் எழுதி உத்தரவு கேட்கலாமா?

பதில்: கடிதம் மட்டும் எழுதாதீர்கள், அம்மணி. ஒரு தரப்பு தனியாக அனுப்பும் கடிதத்தின் பேரில் எந்த நீதிபதியும் உத்தரவு போட முடியாது. சேம்பர் வாசலில் காத்திருந்து பேச முயல்வதும் வேண்டாம். சொல்ல வேண்டியதை எதிர்த்தரப்பின் காதிலும் விழும்படி கோர்ட் ஹாலில் சொல்லுங்கள். அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆவது கட்டளை, கட்சிக்காரர் நேரில் தோன்றி வழக்கை நடத்தலாம் என்கிறது. கீழமை நீதிமன்றத்தில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

முதல் வேலை வேறு. மனு ஏன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கோர்ட்டில் வழக்குக் கட்டு சுமந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனு இரண்டு வருடம் நகராமல் கிடந்தது நினைவிருக்கிறது. எதிர்மனுதாரர் ஒருவரின் கதவு எண் தப்பு. நோட்டீஸ் கொடுக்கப் போன கோர்ட் ஊழியர் அமீனா, அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சரியான முகவரி கொடுத்து நோட்டீஸ் அனுப்பும் கட்டணமான பேட்டாவை மறுபடி கட்ட வேண்டியது மனுதாரர். அது அவருக்கே தெரியாது. வாய்தாவுக்கு வாய்தா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தேதியைக் கேட்டுக்கொண்டு, ஜட்ஜ் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார் என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார். அவர் திட்டிய ஜட்ஜ், அவருக்காகத்தான் காத்திருந்தார்.

ஆகவே உங்கள் மனு யாருடைய முறையில் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் அதற்கே உரிய அடையாள எண்ணாக, எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் ஒவ்வொரு தேதியும் எதற்காகத் தள்ளிப் போனது என்று தெரியும். நோட்டீஸ் சேரவில்லையென்றால் வேலை உங்களுடையது. எதிர்த்தரப்பு தர வேண்டிய பதிலான எதிருரைக்காகவே திரும்பத் திரும்பத் தள்ளியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வாதம் முடிந்து உத்தரவுக்கு வைத்த பிறகு நீதிபதி மாறியிருந்தால், புதியவர் மறுபடி வாதம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை.

அடுத்து வக்காலத்து, அதாவது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம். அது கட்டில் இருக்கும்வரை கோர்ட் உங்கள் வக்கீலைத்தான் பார்க்கும். போனை விட்டுவிட்டு, பதிவுத் தபாலில் கேளுங்கள்: கட்டைத் திருப்பிக் கொடுங்கள், வக்காலத்தில் ஆட்சேபனையில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று. பதில் வராவிட்டால், வக்காலத்தை ரத்து செய்வதாக நீங்களே கையெழுத்திட்டு, தபால் ரசீதின் நகலோடு தாக்கல் செய்து நீதிமன்ற அனுமதி கேட்கலாம்.

பிறகு ஒரே பக்கத்தில் ஒரு மனு. அடுத்த வாய்தா தூரத்தில் இருந்தால், வழக்கை முன்கூட்டி எடுக்கக் கோரும் மனுவைப் பிரமாணப் பத்திரத்தோடு கொடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் குணம், பாட்டன் காலத்துக் கதை எதுவும் அதில் வேண்டாம். மனு எண், தாக்கல் செய்த தேதி, எத்தனை வாய்தா, எதற்காகத் தள்ளப்பட்டது, இதற்குள் உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் இவ்வளவு போதும். தலைச்சுமைக் கூலிக் கணக்கைத் தேதிவாரியாக எழுதுங்கள், அது பேசும். நகலை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து, உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் ‘நகல் பெற்றேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் காரணத்துக்கே ஒரு வாய்தா போய்விடும்.

அன்றைக்குக் காலை 10 மணிக்கே போய் பெஞ்ச் கிளார்க்கிடம் நேரில் ஆஜராவதாகச் சொல்லி வையுங்கள். டவாலி பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்று, “இந்த மனு இத்தனை வாய்தாவாக நிலுவையில் இருக்கிறது, இன்றே வாதம் கேட்டு, எனக்குச் சாதகமோ பாதகமோ, உத்தரவிட வேண்டுகிறேன்” என்று சொல்லுங்கள். அந்தப் ‘பாதகமோ’வை விட்டுவிடாதீர்கள். மனு தள்ளுபடியானாலும் மேல்முறையீட்டுக்குப் போகலாம். உத்தரவே இல்லாவிட்டால் எதை எதிர்த்துப் போவது?

30 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது 39-ஆவது கட்டளையின் 3-ஏ விதி. எதிராளிக்கு நோட்டீஸ் கொடுக்காமலே தடை வழங்கப்பட்ட மனுவுக்குத்தான் அது பொருந்தும். உங்களுக்குத் தடை கிடைக்கவில்லை. எனவே அதைக் காட்டிப் பேசாதீர்கள்.

இவ்வளவு செய்தும் அசையாவிட்டால், அரசியல் சாசனத்தின் 227-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். திருப்பூர் மாவட்டத்துக்குச் சென்னை. கரூர்க்காரர் என்றால் மதுரைக் கிளை. ஆனால் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, வேறு நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குக்குக் காலக்கெடு விதிப்பதை அசாதாரணமான சூழ்நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. அங்கே போகும்போது, கீழே நீங்கள் கேட்டும் நடக்கவில்லை என்று காட்ட இந்த ஒரு பக்க மனுதான் கையில் இருக்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100-க்குப் போன் செய்யலாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம், பெரும்பாலும் நீங்கள் வாய்தாவுக்கு வந்துபோகும் அதே கோர்ட் வளாகத்தில்தான் இருக்கும்.