அவன் தட்டு

வணக்கம் சார்,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் 41 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். சம்பளம் 6,000. பாதி பையனின் அப்பா தருகிறார், பாதி நிர்வாகம். டீச்சர் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பும் என் தலையில்தான். ஊரில் ‘புண்ணியம் செய்கிறாய்’ என்கிறார்கள், ஆனால் கூப்பிடுவது ‘ஆயா’ என்று. பி.எஸ்சி. படித்தவள் சார், மனசு வலிக்கிறது. அவனுக்கு நான்தான் ஊட்டுகிறேன், நான்தான் கை பிடித்து எழுத வைக்கிறேன். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான் என்பதால் முன்னாலேயே வெளியே கூட்டிப்போய்விடுவேன். நான் ஒரு நாள் வராவிட்டால் அவன் சாப்பிடுவதே இல்லை. சிறப்புக் கல்வியில் டிப்ளமோ படிக்கலாமா, இல்லை குரூப் 4-க்கே தயார் செய்யலாமா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள பெயர் வேண்டாதவருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊரில், தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஊரில் இருந்திருந்தால் ‘படியுங்கள், வாழ்த்துகள்’ என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சம்பளம் குறைவு. கூட்டிக் கேளுங்கள். புண்ணியம் என்கிறவர்களிடம், அதை மளிகைக்கடையில் வரவு வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். டீச்சர் லீவு போடும் விஷயம் ஈராசிரியர் பள்ளி உள்ள எல்லா ஊரிலும் நடப்பது, அதைப் பேசிப் பயனில்லை. மணிக்கு முன்னால் வெளியே கூட்டிப்போவது நல்ல காரியம். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீங்களே கண்டுபிடித்தது என்றால் உங்களுக்கு இந்த வேலை வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகை ஊனங்களில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் அது வந்தது. தொடக்கப்பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்துப் பேருக்கு ஒருவர், சரி. பத்துப் பேரும் பத்து ஊரில் இருந்தால்? வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்புப் பயிற்றுநருக்கு பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுகிறது. மீதி நாளெல்லாம் நீங்கள்தான். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவில் உதவியாளர் என்று ஒருவர் எட்டிப் பார்க்கிறார், பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையென்றால் கூட வரும் உதவியாளருக்கும், போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்று. உங்கள் ஊர் மினிபஸ் கண்டக்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது ஆயாவுக்கு வருகிறேன்.

தம்பி என்று சொன்னேனே, சித்தப்பா மகன். பிறந்தபோதே வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பெருமூளை வாதம் என்கிற பேரெல்லாம் பின்னால் வந்தது. அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நான் ஐந்தாவது. 1982, எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த வருஷம். வாய்க்கால் கரையோடு அவனை முதுகில் தூக்கிப் போவேன். அவன் சிலேட்டில் நான் எழுதுவேன். மத்தியானம் அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். ஊரே மெச்சியது. ‘ராமன் லட்சுமணன்’ என்று வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்கு எங்களைக் காட்டுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இல்லாவிட்டால் அவன் சாப்பிட மாட்டான் என்று உங்களைப் போலவே நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஜூனில் ஆறாவது படிக்க என்னை மன்னார்குடிக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் காய்ச்சல் என்று ஊருக்கு வந்தவன், கொஞ்சம் தேறியதும் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தம்பி தரையில் உட்கார்ந்து தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது கையால். சட்டை முழுக்கச் சோறு, சுற்றிலும் காக்கை. இரண்டு முழம் தள்ளி சத்துணவு ஆயா கீரை ஆய்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், “பிள்ளையை இப்படியா விடுவீங்க?” என்று கத்தினேன். ஆயா நிமிரக்கூட இல்லை. “நீ பெரிய பள்ளிக்கூடம் போயிட்ட ராசா. அது வயிறு இங்கதான கெடக்கு” என்றது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லோருக்கும் தட்டு, அவனுக்கு மட்டும் விளிம்பு உயர்ந்த அலுமினியக் கிண்ணம். ஆயா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தள்ளினால் சோறு வெளியே போகாது, விளிம்பில் முட்டித் திரும்பி விரலுக்கு வரும். கிண்ணம் நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. இருபது வருஷம் கழித்து சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில், அடியில் ரப்பர் வைத்த உயர்விளிம்புத் தட்டு ஒன்றை வெளிநாட்டுச் சரக்கு என்று காட்டினார்கள். எனக்கு அந்த ஈரத்துணிதான் ஞாபகம் வந்தது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய பொம்பளை.

அந்த வேலையின் பெயரால் உங்களைக் கூப்பிட்டால் உங்களுக்கு மனசு வலிக்கிறதா? ‘டீச்சர்’ என்று கூப்பிடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை, கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் ஆயா என்பதை வசவு மாதிரி எனக்கு எழுதாதீர்கள்.

உண்மையில் எனக்கு வலித்தது கடிதத்தின் வேறொரு வரி. ‘நான் ஒரு நாள் வராவிட்டால் அவன் சாப்பிடுவதே இல்லை.’ இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயதுப் பையன் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறான், அதில் உங்களுக்கு என்ன பெருமை? ஒன்றரை வருஷம் ஊட்டியிருக்கிறீர்கள். கை அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, என் தம்பிக்கு இருந்ததைவிட நன்றாக. அந்தக் கைக்கு நீங்கள் ஒன்றரை வருஷம் லீவு கொடுத்திருக்கிறீர்கள். கோபிக்காதீர்கள். நான் செய்ததும் இதேதான். ஆறாவதுக்குப் போகாமல் அந்த ஊரிலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பேன், ஊரும் மெச்சிக்கொண்டிருக்கும்.

எழுதும்போது கையைப் பிடிக்கிறீர்கள். இந்த மாதம் விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடியுங்கள். அது பழகியதும் முழங்கை. அப்புறம் தோளில் ஒரு விரல். அப்புறம் எழுத வேண்டிய இடத்தைக் காட்டினால் போதும். கோடு கோணலாகப் போகும், உங்கள் எழுத்து மாதிரி அழகாக இருக்காது. தலைமையாசிரியை நோட்டைப் பார்த்து முகம் சுளிப்பார். அந்தக் கோணல்தான் அவன் எழுத்து. இப்போது அந்த நோட்டில் இருப்பது உங்கள் எழுத்து, அதை அழித்துவிட்டுப் பாருங்கள், நோட்டில் என்ன மிஞ்சுகிறது என்று.

சட்டைப் பொத்தானா? நாலு பொத்தானை நீங்கள் போடுங்கள். ஐந்தாவதைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவனுக்கு விடுங்கள். வேலையை முடித்தவன் அவன் என்று ஆகிவிடும். அது கைவந்ததும் ஐந்தாவதை முழுக்க அவனுக்குக் கொடுங்கள், பிறகு நாலாவது. முதல் பொத்தானிலிருந்து தொடங்கினால் பிள்ளை இரண்டாவதிலேயே அழுதுவிட்டுப் போய்விடும்.

எதையாவது செய்யச் சொன்னால் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இப்போது இரண்டு எண்ணுவதற்குள் நீங்களே செய்துவிடுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். சொன்னது அவன் காதில் விழுந்து கைக்கு வந்து சேர அத்தனை நேரம் ஆகலாம். நடுவில் இன்னொரு தரம் சொல்லாதீர்கள், முதலில் சொன்னதும் கலைந்துபோகும். ஐந்தாவது எண்ணிக்கையில் பையனின் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, ‘சம்பளம் கொடுத்து வைத்த பொண்ணு சும்மா நிற்குது’ என்று நினைப்பார். நினைக்கட்டும்.

படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? டிப்ளமோவே படியுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள இடம்தானா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழ் எங்கும் செல்லாது. குரூப் 4-ம் எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது?

அதற்கு முன்னால் நாளை மத்தியானம் ஒன்று செய்யுங்கள். சத்துணவு முட்டையை உரிக்காமல் ஓட்டோடு வாங்கி, ஒரு தட்டு தட்டி, விரிசலோடு அவன் கையில் கொடுங்கள். முட்டை வாடை அவனுக்கு ஆகாது என்றால் நுனி மட்டும் கிள்ளிய வாழைப்பழம். கொடுத்துவிட்டு இரண்டு முழம் தள்ளி உட்காருங்கள். பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போகும். உங்கள் கை பரபரக்கும், துப்பட்டாவில் சுற்றிக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.