வாசகர் கேள்வி–பதில்: நுவேர் மொழி

கேள்வி: அமெரிக்காவின் ஒமாகா நகரில் எனது பேரனோடு நுவேர் மொழி பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த மக்கள் யார்? அவர்களது மொழிக்கு எழுத்து உண்டா?
– வாசகி, கோப்பாய்

பதில்: நுவேர் மக்கள் தென்சூடானில் வெள்ளை நைல், சொபாட் ஆற்றுப்படுகைகளிலும், எல்லைக்கு அப்பால் எதியோப்பியாவின் கம்பெல்லாவிலும் வாழ்கிறார்கள். மாடு வளர்ப்பே அவர்களது வாழ்வு. மாரியில் மேட்டுநிலக் கிராமங்களிலும், கோடையில் ஆற்றோரப் பட்டிகளிலும் தங்குவார்கள். மாட்டின் நிறத்தையும் புள்ளிகளையும் கொம்பின் வளைவையும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும் சொற்கள் அவர்களிடம் ஏராளம். இளைஞன் தன் எருதின் பெயராலேயே அழைக்கப்படுவதும், அதைப் புகழ்ந்து பாடுவதும் உண்டு.

தம் மொழியை அவர்கள் தொக் நாத் என்கிறார்கள். நைலோட்டிக் என்னும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு மிக நெருங்கிய உறவுடையது டிங்கா மொழி. இவ்வளவு நெருங்கிய மொழிகளைப் பேசும் இரு மக்களும் 2013 டிசம்பரில் மூண்ட உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நிறுத்தப்பட்டதை நினைக்க மனம் வருந்துகிறது.

எழுத்து உண்டு. 1928இல் நைல் நதிக்கரையிலுள்ள ரெஜாஃபில் நடந்த மொழி மாநாடு, இலத்தீன் எழுத்தில் வளர்க்கத் தெரிந்தெடுத்த மொழிகளுள் நுவேரும் ஒன்று. குழந்தை ‘கட்’, குழந்தைகள் ‘காட்’ என்பதுபோல், பன்மை விகுதி சேராமல் சொல்லுக்குள் உயிரொலி மாறுவதாலேயே ஒருமை பன்மையாவது இம்மொழியில் மிகுதி. குறில், நெடில் பழகிய நமக்கு இது ஓரளவு பிடிபடும். ஆனால் மூச்சுக்காற்று கலந்த உயிரொலிகளும், குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருளை வேறுபடுத்தும் தொனிகளும் அங்கே உண்டு. தொனியை வழக்கமான எழுத்தில் குறிப்பதில்லை என்பதால், பேச்சைக் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு வாசிப்பும் கடினமே. உங்கள் பேரன் அப்பிள்ளைகளைக் காணும்போது ‘மாலே’ என்று சொல்லட்டும். அதுவே அவர்களது அன்றாட வணக்கம்.

கேள்வி: பாடசாலைகளில் இம்மொழி கற்பிக்கப்படுகிறதா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கம்பெல்லாவில் தொடக்க வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. 2011இல் விடுதலை பெற்ற தென்சூடானின் அரசியலமைப்பு, நாட்டின் சுதேச மொழிகள் அனைத்தையும் தேசிய மொழிகள் என ஏற்றபோதும், ஆட்சிக்கும் கல்விக்கும் ஆங்கிலத்தையே வைத்தது. போர் பாடசாலைகளையும் மூடச்செய்தது. ஆகவே இன்று பெருமளவு பொறுப்பைச் சுமப்பவர்கள் தாய்மாரும், நுவேர் மொழியில் வழிபாடு நடத்தும் தேவாலயங்களுமே. இடம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளிலும் அத்தேவாலயங்கள் உள்ளன. பிள்ளைகள் பெரியோரின் பேச்சை வாரந்தோறும் கேட்கும் இடம் அங்கே பெரும்பாலும் அதுதான்.