ஒரே வீட்டில் இரண்டு வேதாகமம்: எதை நம்புவது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள் நான். எலத்தகிரியில் கத்தோலிக்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். ராத்திரி செபமாலை முடிந்ததும் அத்தை பைபிள் வாசிப்பார்கள். சமீபத்தில் 'சீராக்' என்ற புத்தகத்திலிருந்து வாசித்தார்கள். எங்கள் வேதத்தில் அப்படி ஒரு புத்தகமே இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் அண்ணன், "அது வேதமே கிடையாது. வேதத்தோடு கூட்டினவர்களுக்கு வாதை வரும் என்று வெளிப்படுத்தல் 22:18 சொல்கிறது. அதற்கு நீ ஆமென் சொல்லாதே" என்கிறார். எது உண்மையான வேதம்? குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. இங்கேயே ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. நான் சம்மதிக்கலாமா?

பதில்: ஆமென் சொல்லலாம், ஞானஸ்நானத்துக்கும் சம்மதிக்கலாம். ஏன் என்று சொல்கிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், வேதாகமப் பாடம் நடத்துபவன். என் சபைச் சாய்வு எங்காவது தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பைபிளையும் அத்தையின் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மத்தேயுவைத் திறங்கள். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை 27 புத்தகங்கள். பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் ஒன்று கூடவோ குறையவோ இருக்காது. இதே 27 புத்தகங்களின் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். இயேசுவின் பிறப்பு, போதனை, சிலுவை, உயிர்த்தெழுதல் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இதில் உங்கள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் தகராறே கிடையாது.

இப்போது மத்தேயுவிலிருந்து பின்னால் புரட்டுங்கள். உங்கள் பைபிளில் உடனே மல்கியா வந்துவிடும். அத்தையின் பைபிளில் நடுவே 'இணைத்திருமுறை' என்று ஒரு பகுதி இருக்கும். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் என்று ஏழு நூல்கள். எஸ்தருக்கும் தானியேலுக்கும் கூடுதல் பகுதிகளும் உண்டு. வேதத்தில் 66 புத்தகம், 73 புத்தகம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வது இந்த ஏழை வைத்துத்தான்.

இந்த ஏழும் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் யூதர்கள் நடுவே உருவானவை. கிரேக்கம் பேசிய யூதர்களிடம் இவை புழங்கின. ஆதிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில்தான் வாசித்தார்கள், அதனால் இவையும் சபைக்குள் வந்துவிட்டன. யூதர்களின் எபிரேய வேதப் பட்டியலில் இவை இடம்பெறவில்லை. ஆகவே சபைக்குள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கருத்து. வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் தயங்கினார். அவர் காலத்தவரான ஆயர் அகுஸ்தீன் ஏற்றுக்கொண்டார். கத்தோலிக்க சபை 1546இல் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் இவையும் வேதமே என்று உறுதியாக அறிவித்தது.

சரி, உங்கள் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் என்ன செய்தார்? 1534இல் வெளிவந்த தமது ஜெர்மன் பைபிளில் இந்த நூல்களை அவர் தூக்கி எறியவில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்து, இவை பரிசுத்த வேதத்துக்குச் சமமானவை அல்ல, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று குறிப்பு எழுதினார். இங்கிலாந்தில் தோன்றிய ஆங்கிலிக்கன் சபையின் நிலையும் ஏறக்குறைய இதேதான்: நல்வாழ்வுக்கு வாசிக்கலாம், உபதேசத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது. அப்புறம் எப்படி இவை நம் கையிலிருக்கும் பைபிளில் காணாமல் போயின? பிரிட்டனில் இருந்த வேதாகமச் சங்கம், இவற்றைச் சேர்த்து அச்சிடப் பணம் தருவதில்லை என்று 1826இல் முடிவெடுத்தது. நம் வீடுகளில் இருக்கும் கருப்பு அட்டை பைபிள் அந்த வழியில் வந்தது. ஒரு தலைமுறை பார்க்காத புத்தகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சீராக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அத்தை நல்ல புத்தகமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். கி.மு. 180 வாக்கில் எருசலேமில் இருந்த ஓர் ஆசிரியர் இதை எபிரேயத்தில் எழுதினார். அவருடைய பேரன் எகிப்துக்குப் போய் கிரேக்கத்தில் பெயர்த்தார், அதை முன்னுரையில் அவரே சொல்கிறார். எபிரேய மூலத்தின் ஒரு பகுதி 1964இல் இஸ்ரேலின் மசாதாக் கோட்டையில் கிடைத்தது. மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வயதான தகப்பனுக்குப் புத்தி தடுமாறினாலும் பொறுத்துக்கொள், நீ திடமாக இருக்கிறாய் என்பதற்காக அவரை இளப்பமாகப் பார்க்காதே என்கிறது. முப்பத்தெட்டாம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தையும் ஆண்டவரே மண்ணிலிருந்து உண்டாக்கினார் என்கிறது. ஜெபித்தால் போதும், சுகர் மாத்திரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு சிலர் அலைகிற இந்தக் காலத்தில், அந்த அதிகாரத்தை எல்லா சபையிலும் வாசித்தால் தேவலை. இதற்கு ஆமென் சொன்னால் லுத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து அண்ணன் காட்டிய வசனம். 22:18ஐ முழுதாக வாசித்தால், "இந்தப் புஸ்தகத்திலுள்ள தீர்க்கதரிசன வசனங்களை" என்று இருக்கும். வெளிப்படுத்தலை எழுதிய யோவான் தம் சுருளைப் பற்றிச் சொன்னது அது. 66 புத்தகமும் ஒரே அட்டைக்குள் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. இன்னொன்று, இதே எச்சரிக்கை உபாகமம் 4:2லும் இருக்கிறது: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அண்ணன் சொல்கிற மாதிரி அர்த்தம் எடுத்தால் யோசுவா முதல் வெளிப்படுத்தல் வரை எல்லாமே கூட்டியது என்றாகிவிடும். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் வேதத்தின்மேல் உள்ள பயபக்தியில்தான் பேசுகிறார். வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வரிகளைச் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள், போதும்.

உண்மையான வித்தியாசம் வேதத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. விசுவாசத்துக்கு வேதம் மட்டுமே அளவுகோல் என்பது லுத்தரன் நிலை. நீங்கள் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை என்றால் இது உங்கள் ஊர்க் கதையும்கூட. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு மிஷனரிகள், வேதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் தேவனால் அருளப்பட்டது என்பதில் விட்டுக்கொடுக்காமல் அந்த மிஷனைவிட்டு வெளியேற நேர்ந்தது. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை அவர்களை ஏற்றுக்கொண்டது. 1895இல் நேதர் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார். வேதத்தின் அதிகாரம் பற்றிய ஒரு சண்டைதான் உங்கள் சபையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது.

கத்தோலிக்கர்களும் வேதத்தைத் தேவ ஏவுதல் என்றே நம்புகிறார்கள். நம் மீட்புக்காகக் கடவுள் எழுதச் செய்த உண்மையை அது பிழையின்றிக் கற்பிக்கிறது என்று அவர்களுடைய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது. ஆனால் வேதத்தோடு திருத்தூதர்கள் வழிவந்த மரபையும் சேர்த்தே ஏற்கிறார்கள். இரண்டையும் அதிகாரத்தோடு விளக்கும் பொறுப்பு ஆயர்களுக்கும் போப்பாண்டவருக்கும் உரியது என்கிறார்கள். இந்த வேறுபாடு நிஜமானது, பூசி மெழுக முடியாது.

அது வீட்டில் எங்கே தட்டுப்படும்? நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று. இறந்தவர்களுக்காக வேண்டும் வழக்கத்துக்குக் கத்தோலிக்கர் காட்டும் வேத ஆதாரம் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம், அது அந்த ஏழில் ஒன்று. உங்கள் சபை அதை உபதேசமாக ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், கல்லறைக்குப் போங்கள், அந்த வீட்டுப் பெரியவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வையுங்கள், அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்காக தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். மற்றவர்கள் தங்கள் மன்றாட்டைச் சொல்லட்டும்.

செபமாலையிலும் அப்படித்தான். அது ஆரம்பிப்பதே விசுவாசப் பிரமாணத்தில். பிதாவாகிய தேவன், அவருடைய ஒரே குமாரன், கன்னியிடம் பிறப்பு, பொந்தியு பிலாத்துவின் கீழ் பாடு, மூன்றாம் நாள் உயிர்ப்பு, பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, நித்திய ஜீவன். நீங்கள் ஞாயிறு ஆராதனையில் சொன்னதும் இதுதானே! கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம் இது. பவுல் 1 கொரிந்தியர் 15இன் தொடக்கத்தில், தானும் பெற்றுக்கொண்டு ஒப்புவித்ததாகச் சொல்வதும் இதன் கருவைத்தான்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். ஆகவே பிரமாணத்தைச் சத்தமாகவே சேர்ந்து சொல்லுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபமும் சொல்லலாம். 'அருள் நிறைந்த மரியே'யின் முதல் பாதி லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து வந்தது. மரியாளிடம் பரிந்துரை கேட்கும் இரண்டாம் பாதியில் உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் மௌனமாக இருங்கள். அதை அத்தையிடம் முன்கூட்டியே, நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடுவது உத்தமம்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்படும் ஞானஸ்நானத்தை இரண்டு சபைகளும் பரஸ்பரம் செல்லுபடியாக ஏற்கின்றன. எலத்தகிரியில் கொடுத்ததைக் கிருஷ்ணகிரியில் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை அண்ணனின் சபை ஏற்காது, வளர்ந்து விசுவாசித்த பிறகு முழுக்கு என்பது அவர்கள் நிலை. அவர் வருத்தப்படுவார், அதற்குத் தயாராக இருங்கள். உங்கள் கல்யாணம் கத்தோலிக்கக் கோவிலில் முறைப்படி அனுமதி வாங்கி நடந்திருந்தால், பிள்ளைகளைக் கத்தோலிக்க சபையில் சேர்க்கத் தன்னாலானதைச் செய்வேன் என்று உங்கள் கணவர் வாக்குக் கொடுத்திருப்பார். அதை உங்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கமிருந்தும் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. கத்தோலிக்க ஞானப் பெற்றோர் ஒருவராவது இருந்தால், அவரோடு ஞானஸ்நானம் பெற்ற லுத்தரன் உறவினர் ஒருவர் சாட்சியாக நிற்க அவர்களுடைய திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்பே பங்குத்தந்தையைப் பார்த்து அந்தப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.