வான்கோழி டிகாய்: வீட்டிலேயே செய்யும் ஒட்டுவேலைகள் (கேள்வி பதில்)

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் நெருங்கிவிட்டதால், பரணில் கிடக்கும் பழைய டிகாய்களை (வான்கோழியை ஏமாற்றி அருகே வரவைக்கும் பொம்மைக் கோழிகளை) தேற்றுவது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (டெக்சாஸ்): அண்ணா, என்னிடம் இருப்பது மலிவான ஃபோம் டிகாய். வெயில் பட்டால் பளபளக்கிறது. சேவல் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. புதிதாக வாங்கிவிடட்டுமா?

வேண்டாம், காசை வையுங்கள். வான்கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் ஓரளவு தெரியும். எனவே முதலில் மினுமினுப்பைக் கொல்லுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவைத்து, தண்ணீரில் கரையும் மேட் (பளபளக்காத) வார்னிஷை பிரஷ்ஷால் மெல்லிசாக இழுத்துவிடுங்கள். ஸ்ப்ரே டப்பா வேண்டாம். மெத்தென்ற பிளாஸ்டிக்கில் சில ஸ்ப்ரேக்கள் காயவே காயாது, பிசுபிசுவென்றே நிற்கும். துணி துவைக்கும் பவுடரும் கூடாது. வெண்மைக்காக அதில் சேர்ப்பது புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும்.

ஒரே ஒரு இடத்தில் பளபளப்பு இருக்கட்டும்: கண். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு போதும்.

கேள்வி: மடித்து வைத்ததில் முதுகு ஒடுங்கிவிட்டது, சார்.

சூடான தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளுங்கள். அப்புறம் பழைய டி-ஷர்ட்டைத் திணித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையைத் திணித்தால் காற்றில் சரசரக்கும்.

கேள்வி (ஒஹையோ): காற்றடித்தால் டிகாய் பம்பரமாய்ச் சுற்றுகிறது. காற்றே இல்லையென்றால் கல்லாய் நிற்கிறது. மோட்டார் வைக்கலாமா?

பெயின்ட்டைவிட முக்கியமான விஷயம் இதுதான். நிஜக் கோழி இப்படிப் பம்பரமாய்ச் சுற்றாது. வாலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி ஒவ்வொரு குச்சியை மண்ணில் குத்திவிடுங்கள். வால் அவற்றுக்கு நடுவில் மட்டும் அசையும், மேய்கிற கோழி மாதிரி இருக்கும். டிகாயைத் தாங்கும் கம்பியும் உடம்பும் உரசிக் கிரீச்சிட்டால் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

காற்றில்லாத நாளுக்கு, கருநிற மீன்பிடி நரம்பை வாலடியில் கட்டி, தரையில் அடித்த கூடார முளையின் வளையம் வழியாக உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். எப்போதாவது மெல்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சேவல் வர ஆரம்பித்த பிறகு கையை ஆட்டவே கூடாது. மோட்டார் டிகாயைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அலபாமாவில் 2022 சீசனின் முதல் 10 நாள் எந்த டிகாயும் கூடாது என்றே விதி போட்டார்கள். எதைச் செய்வதானாலும் உங்கள் மாநிலத்து விதிப் புத்தகத்தை முதலில் பாருங்கள்.

கேள்வி (ஜார்ஜியா): போன வருஷம் சுட்ட சேவலின் வாலை விடலைச் சேவல் டிகாயில் பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் பார்த்தவுடன் கிழவன் என்று தெரிந்துவிடும். வாலில் வழக்கமாக 18 இறகுகள். முதிர்ந்த சேவலுக்கு விசிறி ஒரே வளைவாக இருக்கும். விடலைக்கு நடு இறகுகள் சில மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். விடலை வால்தான் நல்லது. முதிர்ந்த வாலைப் பார்த்துச் சண்டைக்குப் பயந்து ஒதுங்கும் சேவல்களும் உண்டு, விடலையைப் பெரும்பாலும் மிரட்டத்தான் வரும்.

பதப்படுத்த: வாலடியில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் கத்தியால் சுரண்டி எடுங்கள். இதில் சோம்பினால் நாறும். போராக்ஸை (வெங்காரப் பொடி) அழுத்தித் தேய்த்து, அட்டையில் விரித்துக் குண்டூசி குத்தி, சில வாரம் காயவிடுங்கள். காய்ந்த அடிப்பகுதியை இரண்டு ப்ளைவுட் துண்டுகளுக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்கினால் டிகாயில் செருகி எடுக்கலாம்.

பெட்டை டிகாயில் நெஞ்சிறகு ஒட்டுபவர்கள் நுனியைப் பாருங்கள். கறுப்பு நுனி சேவலுடையது, பழுப்பு நுனி பெட்டையுடையது.

கேள்வி: காட்டில் பொறுக்கிய பருந்து, காக்கை இறகு ஒட்டலாமா?

கூடாது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். வான்கோழி அதில் வராது.

கேள்வி (பென்சில்வேனியா): விடலையை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

உங்களைப் பார்த்து, 20 யார்டுக்குள். வரும் சேவல் சுற்றிவந்து டிகாயின் முகத்துக்கு நேராக நிற்கப் பார்க்கும். அப்போது சேவலின் முதுகு உங்கள் பக்கம். விரித்த வாலே அதன் கண்ணை மறைக்கும், வில்லை இழுக்க அந்த நேரம் போதும்.

கேள்வி: வால் விசிறியை முன்னால் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகிறார்களே, அதற்கும் ஏதாவது செய்து தருவீர்களா?

மாட்டேன். டிகாய் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ, இன்னொரு வேட்டைக்காரன் அதைச் சுடும் வாய்ப்பும் அவ்வளவு. பொது நிலத்தில் அது தற்கொலை வேலை. நடந்து போகும்போது டிகாயை ஆரஞ்சுப் பையில் வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் வேண்டாம், சேவலின் தலை நிறம் அதுதான். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வேறு ஆள் வந்தால் கையசைக்காமல் வாயால் சத்தம் போடுங்கள்.

கேள்வி: சீசன் முடிந்ததும் எப்படி வைப்பது?

வாலைக் கழற்றி, பாச்சை உருண்டையோடு மூடிய டப்பாவில். உடம்பை மடிக்காமல் தொங்கவிடுங்கள்.