எட்டு மாதமாக எல்லாம் செய்கிறேன், மனம் ஏன் தேறவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஷிஃப்ட் வேலை, மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், மகள் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறாள். வீட்டில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. ஆனாலும் மனம் எதிலும் ஒட்டவில்லை. எட்டு மாதத்துக்கு முன், எம்ஆர்டி ரயிலில் போகும்போது தன்முன்னேற்ற வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் சொன்னபடி காலை 5 மணிக்கு எழுகிறேன். கண்ணாடி முன் நின்று ‘நான் வலிமையானவள், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று சொல்கிறேன். எதிர்மறை எண்ணம் வந்தால் உடனே விரட்டுகிறேன். இரவில் நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்களை எழுதுகிறேன். 21 நாளில் எல்லாம் பழக்கமாகிவிடும் என்றார்கள். ஒரு நாள் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறேன். இப்போது விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. மகளிடம் எரிந்து விழுகிறேன். வருஷம் தவறாமல் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் பங்குனி உத்திரத்துக்குப் போகிறவள், இந்த முறை போகவே தோன்றவில்லை. என் மனஉறுதிதான் குறைவோ? அடுத்து எந்த முறையை முயன்று பார்க்கலாம்? மருத்துவரைப் பார்த்தால் அது பதிவில் ஏறி வேலைக்குப் பாதகமாகுமோ என்றும் பயமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஐந்து மணி அலாரமும் கண்ணாடியும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை, பங்குனி உத்திரத்துக்குப் போகத் தோன்றவில்லை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கு அதுதான் முக்கியமான வரி. பிடித்த ஒன்றின் மேல் ஆசை விட்டுப்போவது, விடியற்காலையில் விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராமல் கிடப்பது, ருசி தெரியாமல் போவது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருவது: இவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

அதனால் அடுத்து எந்த முறை என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு எந்தப் புதிய முறையும் வேண்டாம். மனஉறுதி குறைந்தவரா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகத் தூங்காத ஒருவர், எந்தப் பலனும் தெரியாத நிலையில், எட்டு மாதம் விடாமல் 5 மணிக்கு எழுந்திருக்கிறார் என்றால் அவரிடம் உறுதிக்குக் குறைவில்லை. நோயாக இருக்கக்கூடிய ஒன்றை உறுதியால் மட்டுமே சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். சர்க்கரை நோயை யாரும் அப்படிச் சரிசெய்யச் சொல்வதில்லை.

இது உங்களுக்கு மட்டும் வந்ததுமில்லை. மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், சிங்கப்பூரில் பதினாறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய் வந்திருந்தது தெரியவந்தது. நீங்கள் காலையில் ஏறும் எம்ஆர்டி பெட்டியில் அப்படி எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மனதைப் பற்றி மேலே பேசுவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தாலும் இதே அசதியும் ஆர்வமின்மையும் வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவராக இருந்தால் பி12 வைட்டமினையும் பார்க்க வேண்டும். 44 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம். அவை தூக்கத்தையும் மனநிலையையும் நன்றாகவே குலைக்கும். மாதவிடாய் முன்பின்னாக வருகிறதா, இரவில் திடீரென்று வியர்க்கிறதா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு குறைவால் வந்த சோர்வோடு வருடக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த வீடியோக்களுக்கு வருவோம். அதில் பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் ஓர் உண்மையான ஆய்வின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதி உங்களைப் போன்றவர்களைப் பற்றியது. அதுதான் விட்டுப்போகிறது.

கண்ணாடி முன் சொல்லும் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரியவர்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைப் பங்கேற்றவர்கள் திரும்பத் திரும்பத் தங்களுக்குள் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தங்களைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தங்களைக் குறைவாக நினைத்தவர்களுக்கோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. காரணத்தை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். வாய் ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்கிறது. உள்ளே ஒரு குரல் ‘இல்லையே’ என்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் அந்த ‘இல்லையே’வைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். உங்கள் மகள் தேர்வில் மதிப்பெண் குறைந்து அழுதுகொண்டு வந்தால், ‘நான்தான் வகுப்பில் முதல் என்று பத்து தடவை சொல்லு’ என்பீர்களா? பக்கத்தில் உட்காரவைத்து, எது கஷ்டமாக இருந்தது என்று கேட்பீர்கள். கண்ணாடியில் தெரியும் அந்தப் பெண்ணிடமும் அப்படிப் பேசுங்கள். ‘இன்று களைப்பாக இருக்கிறது. சரியாகத் தூங்கவில்லை. இருந்தும் எழுந்துவிட்டேன்’ என்று உண்மையைச் சொல்லுங்கள். அதை மறுக்க உள்ளே எந்தக் குரலும் எழாது.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், ‘கொஞ்சம் பாசிட்டிவாக இருங்கள்’ என்று நானும் பலரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு அம்மா ஒரு மாதம் கழித்து வந்து, ‘நீங்கள் சொன்னபடி என்னால் இருக்க முடியவில்லை டாக்டர், மன்னிச்சிடுங்க’ என்றார். நோயோடு வந்தவர், நோய் போகாததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று வீடு திரும்பியும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை.

எதிர்மறை எண்ணத்தை விரட்டுவது பற்றி நம் பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள்: மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே. சொன்ன மாத்திரத்தில் குரங்குதான் வரும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்தார். நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் கரடியை விரட்ட முடியவில்லை. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாக அதையே நினைத்தார்கள். எண்ணம் வந்தால் வரட்டும். ‘வந்துவிட்டதா’ என்று பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள்.

21 நாள் கணக்கு ஓர் அறுவை மருத்துவரிடமிருந்து வந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், அறுவைக்குப் பிறகு மாறிய முகம் நோயாளிகளுக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். போகப் போக ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகத் தடைபடவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து எண்ணுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எட்டு மாதத்தில் எத்தனை முறை உங்களை நீங்களே ‘தோற்றுவிட்டாய்’ என்று ஒன்றுக்குத் தள்ளியிருப்பீர்கள் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நன்றி எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் பத்து என்றால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை, மனதில் நிஜமாகவே பட்டதை மட்டும் எழுதுங்கள். எதுவும் படாத வாரத்தில் பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் விட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது. மனச்சோர்வில் இருக்கும்போது, ‘மனசு வரட்டும், செய்கிறேன்’ என்று காத்திருந்தால் மனசு வராது. செயல் முன்னே போனால் மனம் பின்னால் வரும். இதை வைத்தே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பிரிட்டனில் 440 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பெரிய சிகிச்சைக்கு இந்த எளிய முறை குறைந்ததில்லை என்று தெரிந்தது. நீங்கள் ஐந்து மணிக்கு எழுவதும் செயல்தானே என்று நினைக்கலாம். வித்தியாசம் அளவில் இருக்கிறது. இங்கே செயல் மிகச் சிறியதாக, முன்பு உங்களுக்கு இதம் தந்ததாக இருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். புதன்கிழமை வேலை விட்டு வரும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் ஈசூன் குளத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை மாலை மகளோடு காப்பிக்கடையில் ஒரு தே தாரிக், அதுவும் பிஎஸ்எல்இ பற்றிப் பேசாமல். அப்புறம் கோயில். திருவிழாவுக்குப் போக முடியவில்லையே என்று குமைய வேண்டாம். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் மாலை போய்க் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பக்தி பொங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். போய் வந்தாலே போதும்.

மகளிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ‘அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போகிறேன். உன்மேல் கோபம் இல்லை’ என்று ஒரு வாக்கியம் போதும். தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளை, அம்மாவின் எரிச்சலுக்குத் தானே காரணம் என்று எடுத்துக்கொள்ளும். கணவரிடமும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய ஷிஃப்ட் இருக்கிறதே தவிர, அவருக்கு இது தெரியுமா என்பது இல்லை.

மருத்துவரிடம் போவது பற்றி. வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்) போதும். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லலாம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று அது கேட்கும். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் தேவலை என்றோ உங்களைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. தோன்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி ஓர் எண்ணம் இப்போதே இருக்கிறது என்றால் சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767இலும், தேசிய மனநல உதவி எண்ணை 1771இலும் 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

மனச்சோர்வு நோய் என்று உறுதியானால் பேச்சு சிகிச்சையோ மருந்தோ இரண்டுமோ தருவார்கள். மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் பங்கேற்கும் மருந்தகங்களில் இந்தச் சிகிச்சைக்கு உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம். நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு போங்கள், சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் மருத்துவரிடம் சொல்வதை உங்கள் முதலாளியிடம் அவர் சொல்ல முடியாது. எம்சியில், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழில், என்ன எழுதுவது என்று நான் நோயாளியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். மனநல நிலையைக் காரணமாக வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. புதிதாகக் காப்புறுதி எடுக்கும்போது மட்டும், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ஐந்து மணி அலாரத்தை இன்றிரவே மாற்றிவிடுங்கள். வேலைக்குப் போக ஆறேகாலுக்கு எழுந்தால் போதும் என்றால் ஆறேகால், விடுமுறை நாளிலும் அதே நேரம். 3 மணிக்கு விழிப்பு வந்தால் ஃபோனை எடுக்காதீர்கள், வீடியோவும் வேண்டாம். தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். மருந்தகத்துக்கு இந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தை அச்செடுத்து எடுத்துப் போங்கள். மருத்துவர் முன் பேச்சு வராவிட்டால் அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம்.